இரண்டு முறை லூக்

ரெஜான் லூக் மூன்றாவது தடவையாக அந்த அலுவலகத்துக்கு வந்தபோது கையில் இரண்டு விமானச் சீட்டுகளின் பிரதிகள் இருந்தன. ஒன்று அவருக்கு. மற்றது எண்பத்தொரு வயதான அவருடைய தமக்கை பியெரெற்றுக்கு. மே பதினான்காம் திகதி, மொன்றியலிலிருந்து டப்ளின். அங்கே இறங்கிய பிறகு எந்தப் பக்கம் போவது என்பதைச் சொல்லத்தான் ஆள் தேவைப்பட்டது.

லொங்குய் மெட்ரோவிலிருந்து ஐந்து நிமிட நடையில், ஒரு பல் வைத்தியரின் கிளினிக்குக்கு மேல்மாடியில் இருந்தது அந்த அலுவலகம். பழைய பதிவேடுகளைத் தேடி, யாருக்கு யார் என்ன உறவு என்று எழுதிக் கொடுப்பது அவர்களுடைய தொழில். பெரும்பாலும் உயில், உறுதி எழுதும் நொத்தாரிசுமார் அனுப்பும் வாரிசு விடயங்கள். இடையிடையே ரெஜானைப் போல, தன் பூட்டனுக்குப் பூட்டன் எங்கிருந்து வந்தான் என்று கேட்டு வருகிறவர்களும் உண்டு. ரெஜான் முப்பது வருடம் மெட்ரோ ஓட்டி ஓய்வுபெற்றவர். ஓய்வுபெற்ற நாளிலிருந்து இந்தத் தேடல்தான்.

அலுவலகத்தை நடத்தும் சொலாஞ் தெசியே அவரை எதிரே இருத்திக் கோப்பைத் திறந்தார். பிரெஞ்சில்தான் பேசினார்கள்.

"இதுதான் எங்கட கடைசி அறிக்கை, முசியே லூக். 1853இல இஞ்ச கலியாணம் கட்டின பத்ரிஸ் லூக் வரைக்கும் எல்லாம் தெளிவு. அதுக்கு அங்கால ஒண்டும் இல்லை. அயர்லாந்தின்ர கத்தோலிக்கப் பதிவேடுகளில லூக் எண்ட குடும்பப் பெயரோட பொருந்திற ஆள் ஒருத்தரும் இல்லை. அவர் அந்தப் பெயரை இஞ்ச வந்த பிறகுதான் வைச்சுக்கொண்டார் எண்டு நான் நினைக்கிறன்."

ரெஜான் மெதுவாகத் தலையாட்டினார். "அப்ப அப்பா சொன்னது சரி."

"என்ன சொன்னவர்?"

"பத்ரிஸ் அங்க ஆரையோ அடிச்சுப்போட்டு ஓடி வந்தவராம். கள்ளப் பெயராம். சின்னனில நாங்கள் பொய் சொல்லிப் பிடிபட்டால், உங்கட பெயரே பொய்தானே, வேறை என்ன வரும் எண்டு அப்பா சொல்லுவார்."

சிரித்தபடிதான் சொன்னார். ஆனால் அறிக்கையை வாங்கிய பிறகு அதைப் பையில் வைக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

பக்கத்து மேசையில் அக்னெஸ் செபஸ்தியாம்பிள்ளை இருந்தாள். ஐந்து வருடமாக அங்கே வேலை. பழைய கையெழுத்துகளை வாசித்து, பெயர்களையும் திகதிகளையும் கணினியில் ஏற்றுவது அவளுடைய பொறுப்பு. அறிக்கை எழுதுவதோ வாடிக்கையாளரோடு பேசுவதோ அவளுடைய வேலை அல்ல. இருந்தாலும் எழுந்து வந்தாள்.

"மதாம், அந்தக் கலியாணப் பதிவை நான் ஒருக்காப் பார்க்கலாமோ?"

சொலாஞ் கோப்பை அவள் பக்கம் திருப்பினார். ஆற்றோரத்துக் கோவில் பங்கு ஒன்றின் பதிவேட்டுப் பக்கம். எழுதிய பாதரின் கையெழுத்து சாய்வாக, அவசரமில்லாமல் ஓடியது. பத்ரிஸ் லூக், கூலியாள், அயர்லாந்தைச் சேர்ந்தவர், காலஞ்சென்ற லூக் லூக்குக்கும் ஒனோர் துவேருக்கும் பிறந்த மகன். மணமகள் மரி லூயிஸ் புறூயெற்.

"தகப்பன்ர பெயர் லூக் லூக் எண்டு கிடக்கு."

"ஓம். பாதர் மறதியில ரெண்டு தரம் எழுதிப்போட்டார்," என்றார் சொலாஞ். "அப்பிடி எத்தினை பிழை பார்த்திருப்பன்."

"இது பிழையில்லை, மதாம். லூக் இவையின்ர குடும்பப் பெயரே இல்லை. லூக் எண்டது தகப்பன்."

ரெஜான் நிமிர்ந்து பார்த்தார். சொலாஞ் கண்ணாடியைக் கழற்றினார்.

அக்னெஸ் தன் தகப்பனைப் பற்றிச் சொன்னாள். யாழ்ப்பாணத்தில் அவளுடைய ஆட்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. தகப்பனுடைய பெயர்தான் பிள்ளையின் பெயருக்கு முன்னால் நிற்கும். அவளுடைய தகப்பன் மரியாம்பிள்ளை மகன் செபஸ்தியாம்பிள்ளை. அவள் செபஸ்தியாம்பிள்ளை மகள் அக்னெஸ். கனடாவுக்கு வந்தபோது தகப்பனின் பெயர் அவளுடைய குடும்பப் பெயர் ஆயிற்று. பிறகு 2006இல் அவள் தகப்பனையும் கனடாவுக்குக் கூப்பிட்டாள். மகளின் குடும்பப் பெயர் செபஸ்தியாம்பிள்ளை என்றால் தகப்பனின் குடும்பப் பெயரும் அதுவாகத்தான் இருக்கவேண்டும் என்று எங்கோ ஒரு மேசையில் யாரோ முடிவுசெய்துவிட்டார். அவருடைய சொந்தப் பெயரும் அதுவே. ஆகவே அவர் செபஸ்தியாம்பிள்ளை செபஸ்தியாம்பிள்ளை ஆனார். கிளினிக்கில் அந்த நீளப் பெயரை இரண்டு தரம் கூப்பிடும்போது எழுந்து, "நான் ஒராள்தான் பிள்ளை வந்திருக்கிறன்" என்று தமிழில் சொல்வார்.

"பத்ரிஸ் கலியாணம் எழுதப் போயிருக்கிறார். பெயர் என்ன எண்டு பாதர் பிரெஞ்சில கேட்டிருப்பார். ஊரில தன்னைக் கூப்பிடுற மாதிரி, லூக்கின்ர பத்ரிஸ் எண்டு இவர் சொல்லியிருப்பார். பாதர் பத்ரிஸ் லூக் எண்டு எழுதிப்போட்டு, தகப்பன் பெயர் என்ன எண்டு கேட்டிருப்பார். லூக். சரி, மகன் லூக் எண்டால் தகப்பனும் லூக்தானே. லூக் லூக்."

கீழே பல் வைத்தியரின் இயந்திரம் இரைந்தது.

"கேட்க நல்லாத்தான் இருக்கு," என்றார் சொலாஞ். "ஆனால் அயர்லாந்துக்காரருக்கு ஆயிரம் வருசமாக் குடும்பப் பெயர் இருக்கு, அக்னெஸ். அவை உங்கட ஆக்கள் இல்லை."

"இருந்திருக்கும். ஒரு ஊரில இருபது வீட்டுக்கும் ஒரே குடும்பப் பெயர் எண்டால் அந்தப் பெயரைச் சொல்லி ஆரை ஆர் கூப்பிடுறது?"

சொலாஞ் மறுக்கவில்லை. "அப்பிடித் தகப்பன் பெயரால கூப்பிடுற வழக்கம் சில இடங்களில இருந்தது எண்டு நானும் வாசிச்சிருக்கிறன். ஆனால் வாசிச்சதை வைச்சு அறிக்கை எழுத ஏலாது. எனக்குத் தாள் வேணும்."

"வெள்ளிக்கிழமை வரைக்கும் தாங்கோ. கிடைக்காட்டி, அந்த மூண்டு பெட்டி நொத்தாரிசுப் பத்திரத்தையும் நானே ஏத்துறன்."

அந்தப் பெட்டிகளை இரண்டு வருடமாக ஒருவரும் தொடவில்லை. ஈரம்பட்டு ஒட்டிப்போன தாள்கள். சொலாஞ் ரெஜானைப் பார்த்தார். ரெஜான் மடியிலிருந்த அறிக்கையை எடுத்து மேசையில் திருப்பி வைத்தார்.

"நான் வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுப்பன்," என்றார்.

அது திங்கட்கிழமை.

அக்னெசின் நம்பிக்கைக்குக் காரணம் இருந்தது. தொண்ணூறுகளில், இருபது வயதில், யாழ்ப்பாணத்தில் ஒரு பங்குப் பணிமனையில் அவள் வேலைசெய்தவள். இடம்பெயர்ந்து வந்தவர்கள் பிறப்புச் சான்றிதழ்களை எல்லாம் விட்டுவிட்டு வந்திருந்தார்கள். ஞானஸ்நானப் பதிவேட்டில் பெயர் கிடைத்தால்தான் அடையாள அட்டை, பயணப் பாஸ் எல்லாம். ஒரே பெயரில் வரும் ஐந்து பேரில் சரியானவரைப் பிடிக்க அவள் கண்டுகொண்ட வழி, தாயின் பெயரையும் ஞானத்தாயின் பெயரையும் பார்ப்பது. ஆண்களுடைய பெயர்கள் ஒன்றுபோலத்தான் வரும். பெண்களுடைய பெயர்களால்தான் குடும்பம் பிரியும்.

ரெஜானுடைய கோப்பில் அப்படி ஒரு பெண் இருந்தாள். 1854இல் பத்ரிசின் முதல் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது ஞானத்தாயாக நின்றவள் பிறிஜிற் லூக், பிள்ளையின் மாமி என்று எழுதியிருந்தது. ஆக பத்ரிசுக்கு ஒரு சகோதரியும் இங்கே இருந்திருக்கிறாள். சொலாஞ்சும் அவளைத் தேடியிருந்தார். ஆனால் பிறிஜிற் லூக் என்ற பெயரில் கலியாணப் பதிவோ மரணப் பதிவோ எங்கும் இல்லை. ஒரு ஞானஸ்நானத்தில் தலைகாட்டிவிட்டு அவள் காணாமல் போயிருந்தாள்.

செவ்வாய்க்கிழமை மாலை பார்க் எக்ஸ்டென்ஷன் வீட்டில் பிட்டு அவித்துக்கொண்டே அக்னெஸ் இதைக் கணவனிடம் சொன்னாள். விமலநாதன் சென் லோறனில் ஒரு பாண் தொழிற்சாலையில் பகல் வேலை முடித்து வந்திருந்தான். மகள் ஜென்சி தாதிப் படிப்பு இரண்டாம் வருடம். மேசையில் கொப்பி விரித்து இருந்தாள்.

"லூக் எண்டு தேடினால் அந்தப் பெட்டை கிடைக்காதுதானே," என்றான் விமலநாதன். "உண்மையான பெயரில இருப்பாள்."

"உண்மையான பெயர் என்னெண்டு தெரியாதே. அதைத்தான் தேடுறன்."

"தமையனுக்குப் பிரெஞ்சுப் பாதர் எழுதினவர். இவளுக்கு ஆர் எழுதினது?"

அக்னெஸ் அடுப்பைக் குறைத்தாள். "அதைச் சொல்லுங்கோ."

"நாங்கள் ஏன் ஞாயிற்றுக்கிழமை ரெண்டு பஸ் ஏறித் தமிழ்ப் பூசைக்குப் போறம்? மூலையில பிரெஞ்சுக் கோவில் இல்லையோ?"

ஜென்சி தலையை நிமிர்த்தாமல் சொன்னாள், "எனக்கும் அதுதான் விளங்குறேல்லை. நடந்து போகலாம்."

"நீ சும்மா இரு. அந்தப் பெட்டையும் ரெண்டு பஸ் ஏறியிருப்பாள்," என்றான் விமலநாதன். "அந்தக் காலத்து பஸ்."

அக்னெசுக்குப் பாதை தெரிந்துவிட்டது. பத்ரிஸ் பிரெஞ்சுக்காரியைக் கட்டினான், பெண்ணின் பங்கில் கலியாணம் நடந்தது. தங்கை ஐரிஷ்காரன் ஒருவனைக் கட்டியிருந்தால், ஆற்றுக்கு மறுகரையில், மொன்றியலில், ஆங்கிலம் பேசும் ஐரிஷ் பாதரிடம்தான் போயிருப்பாள். அந்தப் பாதர் லூக் என்ற பதிலை ஏற்றுக்கொண்டு பேசாமல் எழுதியிருக்கமாட்டார். உன்ர வீட்டுப் பெயர் என்ன பிள்ளை என்று கேட்டிருப்பார்.

குடும்பப் பெயர் தெரியாமல் அட்டவணையில் தேட முடியாது. ஆகவே புதன்கிழமை காலை அக்னெஸ் 1854ஆம் ஆண்டிலிருந்து மொன்றியல் ஐரிஷ் கோவில் கலியாணங்களைப் பக்கம் பக்கமாக வாசிக்கத் தொடங்கினாள். பிறிஜிற் என்ற மணமகளைக் கண்டால் நிற்பாள். தகப்பன் பெயரைப் பார்ப்பாள். ஜோன், தோமஸ், மைக்கல், டெனிஸ். அடுத்த பக்கம். பிறிஜிற் இல்லாத பக்கமே இல்லை என்று தோன்றியது. அந்த நகரத்தில் வீட்டுவேலை செய்த ஐரிஷ் பெண்களில் பாதிப் பேருக்கு அந்தப் பெயர்தான்போல. பகல் சாப்பாட்டுக்கு எழும்பாமல் பாணைக் கடித்தபடி வாசித்தாள். லூக் என்ற தகப்பன் ஒருவர் 1855இல் வந்தார். ஆனால் தாயின் பெயர் பொருந்தவில்லை. அவளுக்கு அது ஏமாற்றமாக இருக்கவில்லை. லூக் என்ற பெயர் இவ்வளவு அரிது என்பதே நல்ல விடயமாகப் பட்டது.

சொலாஞ் இரண்டு தரம் அவளுடைய மேசையைக் கடந்து போனார். இரண்டாவது தரம் ஒரு கோப்பியை வைத்துவிட்டுப் போனார்.

வியாழக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குப் பிறகு 1856ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்தில் பிறிஜிற் வந்து சேர்ந்தாள். மணமகன் ஒரு வண்டிக்காரன். மணமகள் பிறிஜிற் ரயன். காலஞ்சென்ற லூக் ரயனுக்கும் ஹொனோரா டுவையருக்கும் பிறந்த மகள். அயர்லாந்தின் ரிப்பரெரி மாவட்டம், கில்பிரன்னாக் பங்கு.

அக்னெஸ் அசையாமல் இருந்து அந்த வரியை இன்னொரு தரம் வாசித்தாள். ஹொனோரா டுவையரைப் பிரெஞ்சுப் பாதர் காதால் கேட்டால் ஒனோர் துவேர். அது சரி. ஆனால் சொலாஞ் கேட்பார், லூக் என்றும் ஹொனோரா என்றும் இன்னொரு சோடி இருந்திருக்கலாமே என்று. அவள் சாட்சிகளின் பெயர்களுக்கு இறங்கினாள். முதல் சாட்சி, மணமகளின் தமையன் பற்றிக் ரயன். பிரெஞ்சில் பத்ரிஸ் என்பதுதான் ஆங்கிலத்தில் பற்றிக். இரண்டாவது சாட்சி, மேரி லூயிசா. அவளுடைய குடும்பப் பெயரை ஐரிஷ் பாதர் தனக்குக் கேட்டபடி எழுதியிருந்தார்: புறூலெற்.

மரி லூயிஸ் புறூயெற். பத்ரிசின் மனைவி. பிரெஞ்சுப் பாதர் ஐரிஷ்காரன் பெயரைக் கெடுத்தார், ஐரிஷ் பாதர் பிரெஞ்சுக்காரி பெயரைக் கெடுத்தார். அக்னெஸ் வாய்விட்டுச் சிரித்தாள்.

"என்ன?" என்று அங்கிருந்து சொலாஞ் கேட்டார்.

"வந்து பாருங்கோ மதாம். பத்ரிஸ் லூக்கும் பற்றிக் ரயனும் ஒரே மனுசியோட நிக்கினம்."

சொலாஞ் வந்து நின்றபடியே வாசித்தார். பிறகு ஒரு கதிரையை இழுத்து இருந்தார். "பெயரைப் பிடிச்சிட்டீங்கள்," என்றார். "ஆனால் ரயன் எண்டு ரிப்பரெரியில கல்லெறிஞ்சால் படும். எந்த ரயன்? அவைக்குப் போக ஒரு இடம் வேணும். அதோட லூக் எண்டு ஊரில கூப்பிட்டவை எண்டதுக்கும் எனக்கு ஆதாரம் வேணும். அது இல்லாட்டி, அவர் பெயரை மாத்தினவர் எண்டுதான் ஆரும் சொல்லுவினம்."

"நாளைக்கு வெள்ளிக்கிழமைதானே," என்றாள் அக்னெஸ்.

அயர்லாந்தின் பழைய பங்குப் பதிவேடுகள் இப்போது படங்களாகப் பார்க்கக் கிடைக்கின்றன. கில்பிரன்னாக் பங்கின் பக்கங்கள் பல இடங்களில் மை வெளிறித் தேநீர்க் கறை போல இருந்தன. லத்தீனில் எழுதியிருந்தார்கள். அக்னெசுக்கு அது தடையாக இல்லை. ஞானஸ்நானப் பதிவுக்கு வேண்டிய லத்தீன் பத்துப் பன்னிரண்டு சொற்கள்தான், அவை யாழ்ப்பாணத்துப் பழைய பதிவேடுகளிலும் இருந்தவை. வெள்ளி காலை பத்தரைக்கு 1827 பெப்ரவரியில் பத்ரிசைக் கண்டாள். லூக் ரயனுக்கும் ஹொனோரா டுவையருக்கும் மகன். 1822இல் அதே பெற்றோருக்கு மைக்கல் என்று மூத்தவன். 1831இல் பிறிஜிற். ஆனால் எந்தக் குறிச்சி என்று பாதர் எழுதவில்லை. அந்தப் பங்குக்குள் நாற்பது குறிச்சிகள் இருந்தன.

குறிச்சியைத் தந்தவை வரிப் புத்தகங்கள். அந்தக் காலத்தில் அயர்லாந்தில் காணி வைத்திருந்த எல்லாரும், கத்தோலிக்கரானாலும், அரசாங்கத்தின் புரட்டஸ்தாந்து சபைக்குத் தசமபாக வரி கட்டவேண்டும். அந்த வரிக்காகக் குறிச்சி குறிச்சியாகப் பெயர் எழுதியிருந்தார்கள். கில்பிரன்னாக்கின் பட்டியலில், நொக்பான் என்ற குறிச்சியில், இருபத்திரண்டு பேர். அதில் பதினான்கு பேர் ரயன். ஆறாவது பெயர் லூக் ரயன். முழுப் பங்கிலும் வேறு லூக் இல்லை.

அடுத்தது, கால் நூற்றாண்டு கழித்து, 1850 அளவில், ஒவ்வொரு வீட்டையும் காணியையும் மதிப்பிட்டு வரி போடுவதற்காக அச்சிட்ட புத்தகம். அதே நொக்பானைத் திறந்தாள். இடையில் வந்த பெரும் பஞ்சத்தால் பெயர்கள் குறைந்திருந்தன. லூக் ரயன் இல்லை, அவர் இறந்திருக்கவேண்டும். ஆனால் மைக்கல் ரயன் என்று மூன்று பேர் இருந்தார்கள், ஒருவர் கீழ் ஒருவராக. ஒரே பெயரில் மூன்று பேரிடம் வரி கேட்டால் குழப்பம் வரும் என்று மதிப்பீட்டாளருக்குத் தெரிந்திருக்கிறது. ஊரில் அவர்களை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று விசாரித்து, பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குள் போட்டிருந்தார்.

மைக்கல் ரயன் (ஜோன்). மைக்கல் ரயன் (சிவப்பன்). மைக்கல் ரயன் (லூக்).

அக்னெஸ் மூன்று தாள்களையும் அச்செடுத்துக்கொண்டு போய் சொலாஞ்சின் மேசையில் பரப்பினாள். ஒவ்வொன்றையும் விரலால் காட்டி, முதலிலிருந்து கடைசிவரை சொன்னாள். சொலாஞ் எல்லாம் கேட்டு முடிந்ததும் பென்சிலால் அந்த அடைப்புக்குறியைச் சுற்றி மெல்லிய வட்டம் ஒன்று போட்டார்.

"பத்ரிசுக்கு மூத்தவன்," என்றார்.

"ஓம். வீட்டில நிண்ட மூத்தவன் லூக் மைக்கல். கனடாவுக்கு வந்த இளையவன் லூக் பத்ரிஸ். அரசாங்கமே அச்சடிச்சு வைச்சிருக்கு."

"இந்தப் பக்கத்தை நானும் பார்த்தனான். போன வருசம். லூக் எண்ட குடும்பப் பெயரைத்தான் தேடினனான். அடைப்புக்குள்ள கிடந்ததை நான் வாசிக்கேல்லை." சொலாஞ் பழைய அறிக்கையை எடுத்து இரண்டாகக் கிழித்துக் கூடையில் போட்டார். "புதுசை நீங்கள் எழுதுங்கோ. உங்கட பெயரைப் போட்டு."

அக்னெசுக்குச் சந்தோசமாக இருந்தது. ஆனால் வியப்பாக இருக்கவில்லை. திங்கட்கிழமையே தெரிந்த ஒன்றை வெள்ளிக்கிழமை கையில் வைத்திருந்தாள், அவ்வளவுதான்.

அடுத்த செவ்வாய்க்கிழமை ரெஜான் தமக்கையையும் கூட்டிக்கொண்டு வந்தார். பியெரெற் லூக் நாற்பது வருடம் லொங்குய்யில் தலைமுடி வெட்டியவர். படியேறி வந்த களைப்பு ஆறுமுன்னரே அக்னெசின் பின்னலைப் பார்த்து, "நுனி வெட்ட வேணும், பிள்ளை" என்றார். பிறகுதான் கதிரையில் இருந்தார்.

அக்னெஸ் சுருக்கமாகச் சொன்னாள். தாள்களை ஒவ்வொன்றாக அவர்கள் பக்கம் வைத்தாள். ரெஜான் ஒவ்வொரு தாளையும் முழுதாக வாசித்த பிறகே அடுத்ததைத் தொட்டார். கடைசித் தாளில் வட்டமிட்ட இடத்துக்கு வந்தபோது அவருடைய விரல் அங்கேயே நின்றது.

"அப்ப அவர் பொய் சொல்லேல்லை," என்றார்.

"இல்லை, முசியே. பெயர் என்ன எண்டு கேட்டவை. தன்னை எல்லாரும் எப்பிடிக் கூப்பிடுறவையோ அதைச் சொன்னவர். அவர் ஒருத்தரையும் அடிக்கவும் இல்லை, ஓடி ஒளிக்கவும் இல்லை. ஓடி ஒளிக்கிறவர் தங்கச்சியின்ர கலியாணத்தில வந்து ரயன் எண்டு சாட்சி சொல்லமாட்டார்."

ரெஜான் கண்ணாடியைத் துடைத்தார். துடைத்து முடித்த பிறகும் போட்டுக்கொள்ளவில்லை. "அப்பா சாகும் வரைக்கும் அதையே சொல்லிக்கொண்டிருந்தவர். அவற்ற அப்பாவும் அப்பிடித்தானாம் சொன்னவர். நாலு தலைமுறை, எங்களை நாங்களே கள்ளர் எண்டு சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறம்."

"உனக்கு அது பெரிய விசயம்," என்றார் பியெரெற். "நான் அப்பா சொன்னதை ஒரு நாளும் நம்பேல்லை."

"நீ எனக்கு அப்பிடிச் சொன்னதே இல்லை."

"நீ கேட்கேல்லை."

சொலாஞ் தன் மேசையிலிருந்து சிரிப்பது கேட்டது. ரெஜான் அக்னெசைப் பார்த்து, "அப்ப நாங்கள் இனி ரயன் எண்டு மாத்த வேணுமோ? மகன் கேட்பான்," என்றார்.

அவள் பதில் சொல்லுமுன் பியெரெற் கையை உயர்த்தினார். "எண்பத்தொரு வயசில நான் பாஸ்போட் மாத்தப் போறேல்லை. ரிக்கெற்றும் லூக் எண்டுதான் கிடக்கு. அந்த லூக் எண்ட மனுசன் எங்கட பூட்டனுக்குத் தகப்பன். அவற்ற பெயரில இருக்கிறதில எனக்கு ஒரு குறையும் இல்லை."

"அவர் பூட்டனுக்குத் தகப்பன் இல்லை, அக்கா. அதுக்கும் மேல ஒண்டு."

"சரி, மேல."

அக்னெஸ் பாதையையும் எழுதிக் கொடுத்தாள். டப்ளினிலிருந்து எந்த ரயில், எந்த நிலையத்தில் இறங்குவது, கில்பிரன்னாக் கோவிலில் யாரிடம் கேட்பது, அங்கிருந்து நொக்பான் எத்தனை கிலோமீற்றர். ரெஜான் அந்தத் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். படியில் இறங்கும்போது தமக்கையின் கையைப் பிடித்திருந்தார். பாதிப் படியில் நின்று, திரும்பிப் பார்த்து, "மெர்சி, மதாம்" என்றார். இரண்டு படி இறங்கிய பிறகு மறுபடியும் சொன்னார்.

மே மாதம் பதினெட்டாம் திகதி சனிக்கிழமை. அக்னெஸ் பார்க் மெட்ரோவுக்குப் பக்கத்துக் கடையில் முருங்கைக்காய் தெரிவுசெய்துகொண்டிருந்தபோது கைப்பேசி அடித்தது. காற்றின் இரைச்சலுக்குள் ரெஜானின் குரல்.

"நாங்கள் நொக்பானில நிக்கிறம்."

"மழையோ?"

"வந்த நாள் தொடக்கம் மழை. இஞ்ச இப்ப அஞ்சு வீடுதான், மதாம் அக்னெஸ். ஒரு வீட்டு வாசலில ஒரு கிழவர் நிண்டார். என்ர இங்கிலீசில ரயன் எண்டு சொன்னன். அவர் சிரிச்சுப்போட்டு, எந்த ரயன், எல்லாரும் ரயன்தானே எண்டார். லூக் எண்டு சொன்னன். அவர் அப்பிடி ஒரு ஆக்களைக் கேள்விப்படேல்லை. அதுகள் எப்பவோ போட்டுதுகள் எண்டு நினைக்கிறார். ஆனால் தன்னையும் இஞ்ச ஒருத்தரும் ரயன் எண்டு கூப்பிடுறேல்லையாம். சிவப்பன் எண்டுதானாம்."

அக்னெஸ் முருங்கைக்காயைக் கூடையில் வைத்தாள். "அந்தப் புத்தகத்தில இருந்த ரெண்டாவது மைக்கல்."

"அவற்ற வழிதான். அந்தத் தாளைக் காட்டினன். அவர் அதை இதுக்கு முதல் கண்டதில்லை. மனுசியைக் கூப்பிட்டுக் காட்டினார். மனுசி எங்களை உள்ளுக்குக் கூப்பிட்டுத் தேத்தண்ணி தந்தா. இவருக்குத் தலையில ஒரு சிவப்பு மயிரும் இல்லை, முழுக்க வெள்ளை." அவர் கொஞ்சம் நிறுத்தினார். "எங்கட காணி எதெண்டு அவருக்குத் தெரியாது. ஆனால் வரிப் புத்தகத்தில அவற்ற காணிக்குப் பக்கத்துக் காணிதானே. வேலிக்கு அங்கால காட்டினார். இப்ப மாடு நிக்குது. நான் போய்க் கொஞ்ச நேரம் நிண்டுபோட்டு வந்தன்."

"நல்லது, முசியே லூக்."

"பொறுங்கோ, அக்கா கதைக்க வேணுமாம்."

கைப்பேசி கை மாறும் சத்தம் கேட்டது. பியெரெற் நலம் விசாரிக்கவில்லை. "இவங்கட தேத்தண்ணி நல்ல சாயம். பிள்ளை, நான் ஒண்டு கேட்க வேணும். இது அப்பாவின்ர பக்கம். எங்கட அம்மா கன்யோன். அம்மாவின்ர ஆக்கள் எங்க இருந்து வந்தவை எண்டும் பார்க்க வேணும். கெபெக்கில கன்யோன் எண்டு எத்தினை ஆயிரம் பேர் இருக்கினம் எண்டு ரெஜான் பயப்பிடுறான்."

அக்னெஸ் கூடையோடு வரிசையில் போய் நின்றாள்.

"அவரைப் பயப்பிட வேண்டாம் எண்டு சொல்லுங்கோ," என்றாள். "அம்மாவின்ர அம்மா பெயர் தெரியுமோ?"

"தெரியும். அவவின்ர தாயின்ர பெயரும் தெரியும்."

"அப்ப காணும். வந்தவுடன போன் எடுங்கோ, துவங்குவம்."